ஷிரோனாமி மாப்பிள்ளை

காஜா மைதீன் ஷிரோனாமிக்குப் போனதில்லை. பர்மாவில் யாங்கூனை விட்டு அவர் அதிகபட்சம் போன தூரம் ஆற்றுப் பாலம் தாண்டி இருக்கிற தன்லியின் என்ற ஊர். அதுவும் அங்கே கட்டிக்கொண்டிருந்த புது வீட்டுக்குச் செங்கல் ஒழுங்காக வந்து இறங்குகிறதா என்று பார்க்கத்தான். ஆனால் ஷிரோனாமியில் அவரைக் கண்ணைக் கட்டி விட்டாலும் வழி தவற மாட்டார். ஜப்பானின் வடக்கே, மலைக்கும் கடலுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட அந்தச் சிற்றூரில் பைன் மரங்கள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன, கலங்கரை விளக்கத்துக்குப் போகிற படி எங்கே வளைகிறது, வெந்நீர் ஊற்று எந்தப் பாறைக்குப் பின்னால் கொதிக்கிறது, எல்லாம் அவருக்கு அத்துப்படி. பள்ளிவாசலுக்கு எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்து அவர் ஊரை வர்ணிக்க ஆரம்பித்தால் டீ ஆறிப்போகும், மேலே ஆடை படியும், அதில் ஈ விழும், ஊர் மட்டும் முடியாது.

அங்கே அவருடைய மகன் யாசர் இருந்தான். மூன்று வருடம் முன்பு ஒரு ஏஜெண்டைப் பிடித்துப் போனவன். கணவாய் மீனைக் கழுவிக் காயவைக்கிற தொழிற்சாலையில் வேலை. வர்ணனையில் இந்த இடம் வரும்போது மட்டும் காஜா மைதீனுக்கு இருமல் வந்துவிடும். இருமி முடித்ததும் கதை மறுபடி கலங்கரை விளக்கத்தில் நிற்கும்.

அந்த நாளில் யாங்கூன் தெருக்களில் ஓடிய பஸ்களில் பாதி, ஜப்பானில் ஓடி ஓய்ந்து இங்கே வந்து மறுபிறவி எடுத்தவை. நெற்றியில் ஜப்பான் எழுத்து அப்படியே இருக்கும். அழிக்க யாருக்கும் மனம் வராது, அதுதானே மதிப்பு. அங்கே பஸ் ரோட்டின் இடப்பக்கம் ஓடும், இங்கே வலப்பக்கம்; அந்த நாட்டு ஒழுங்குக்கு வைத்த கதவு இந்த நாட்டு ஒழுங்குக்கு நடுரோட்டில் திறக்கும். இறங்குகிறவர்கள் கலிமாவைச் சொல்லிக்கொண்டு இறங்குவார்கள். அப்படி ஒரு பஸ் போனால் காஜா மைதீன் எழுந்து நின்று கையைக் காட்டுவார். "நம்ம ஷிரோனாமி பஸ்ஸு." டீக்கடையில் ஜப்பான் எழுத்து வாசிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லாததால் எல்லாமே ஷிரோனாமி பஸ்ஸாகத்தான் இருந்தன.

இது இரண்டாயிரத்து ஆறாம் வருடத்துக் கதை. அரசாங்கமே மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு, காட்டை வெட்டிக் கட்டிய புதுத் தலைநகரத்துக்குக் குடிபோயிருந்த சமயம். வழி தெரிந்தவர்களெல்லாம் மலேசியா, சிங்கப்பூர், துபாய் என்று கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அதனால் யாங்கூன் தமிழ் முஸ்லிம்களான எங்கள் ஆட்களிடம் ஒரு புது வழக்கம் வந்தது. பெண் வீட்டார் மாப்பிள்ளை பார்ப்பதை விட்டுவிட்டு ஊர் பார்க்க ஆரம்பித்தார்கள். பையன் கோபக்காரனா, தொழுகிறானா, குறட்டை விடுகிறானா, ஒரு கேள்வி கிடையாது. எந்த ஊர்? மலேசியா என்றால் நாற்காலி போடுவார்கள். துபாய் என்றால் பிரியாணி போடுவார்கள். ஜப்பான் என்றால் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, பிரியாணியில் முந்திரியும் போட்டு, பெண்ணை இப்போதே கூட அனுப்பிவிடலாமா என்று யோசிப்பார்கள்.

அப்துல் ரவூபின் ஒரே மகள் ஷப்னத்துக்கு ஷிரோனாமி இப்படித்தான் வந்து சேர்ந்தது.

அப்துல் ரவூபுக்கு யாங்கூனின் லத்தா பேட்டையில் பொத்தான் கடை. பொத்தான், ஜிப், லேஸ், எலாஸ்டிக், நூற்கண்டு, மொத்தமாகவும் உண்டு, சில்லறையாகவும் உண்டு. கடைக்கு மேலேயே வீடு. பெயருக்குத்தான் அவர் முதலாளி. கல்லாவில் உட்கார்ந்தால் அவருக்குத் தூக்கம் வரும். கடையை ஓட்டியது ஷப்னத்தின் வாய். தையற்காரிகளிடம் பர்மியத்தில் குழைவாள், பக்கத்துக் கடைச் சீனரிடம் அவர் பாஷையிலேயே எண்ணிக் காட்டிச் சண்டை போடுவாள், தமிழில் வாப்பாவை எழுப்புவாள். ஊருக்கு வெளியே ஷ்வேப்யிதா தொழிற்சாலைகளில் தைக்கிற பெண்கள் லீவு நாளில் பஸ் ஏறி லத்தாவுக்கு வந்தது பொத்தானுக்காக மட்டும் இல்லை. சூப்பர்வைசர் கையைப் பிடித்தான், மாமியார் சோற்றை ஒளிக்கிறாள், எல்லை தாண்டிப் போன தம்பியிடமிருந்து தகவலே இல்லை என்று எல்லாவற்றையும் "மா ஷப்", அதாவது ஷப் அக்கா, முன்னால் கொட்டிவிட்டு, பதிலுக்கு இரண்டு திட்டும் ஒரு யோசனையும் வாங்கிக்கொண்டு போவார்கள். ஆளே வராத மத்தியானங்களில் ஷப்னம் ஜிப்புகளைத் திட்டுவாள். யாரிடமாவது பேசாவிட்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை, ஒருமுறை தொண்டை கட்டி மூன்று நாள் பேச்சில்லாமல் இருந்தபோது பெண் மெலிந்தே போனாள்.

காஜா மைதீன் பெண் கேட்டு வந்தபோது பையனின் போட்டோ ஒன்று கொண்டுவந்தார், சட்டைப்பையில் அடங்குகிற அளவு. ஊரின் போட்டோ பன்னிரண்டு கொண்டுவந்தார், ஒவ்வொன்றும் தலையணை அளவு. ஷிரோனாமி ஊர்ச்சபை அடித்த காலண்டர் அது. போன வருடத்துக் காலண்டர்தான். அதனால் என்ன, கடல் போன வருடமும் அதே கடல்தானே.

"இது ஏப்ரலு. பூவப் பாருங்க. இலையே கிடையாது, மரம் முழுக்கப் பூ."

"மாஷா அல்லாஹ்," என்றார் அப்துல் ரவூப்.

"இது ஜனவரி. பனி. கூரை மேல பஞ்சைக் கொட்டின மாதிரி."

"மாஷா அல்லாஹ். குளிராதா?"

"குளிருமே! அதுதானே அழகு."

ஷப்னத்தின் உம்மா ஃபக்ருன்னிசாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் ஜன்னலில் தெரிந்தது எதிர்வீட்டுச் சுவரும் அதில் ஒழுகும் குழாயும்தான். "சத்தம் கித்தம் எப்படி?" என்று கேட்டாள்.

"சத்தமா? ஊசி விழுந்தாக் கேக்கும். அக்கம்பக்கத்துத் தொந்தரவே கிடையாது. பாதி ஊடு பூட்டிக் கெடக்குது. சின்னஞ்சிறுசெல்லாம் டோக்கியோவுக்குப் போயிட்டாங்க. புள்ளைங்க இல்லைன்னு இஸ்கூலக்கூட இழுத்து மூடிட்டான். நீங்க ஒரு ஆளு ஏறினாலும் பஸ்ஸ எடுப்பான். ராஜா மாதிரிப் போகலாம்."

"பள்ளிவாசல்?"

"பக்கம்தான். ரயில்ல அஞ்சு மணி நேரம். ஜப்பான் ரயிலாச்சே, ஒக்காந்ததே தெரியாது."

டீ கொண்டுவந்த ஷப்னம் அங்கேயே நின்று காலண்டரை முதலிலிருந்து கடைசிவரை புரட்டினாள். கடல், பாறை, படகு, பைன் மரம், மறுபடி கடல். "மாமா," என்றாள், "இதுல ஒரு ஆளுகூட இல்லியே?"

"அதுதாம்மா அழகு. ஆளு வந்து கெடுக்காம வெச்சிருக்கான்."

ஷப்னம் அடுத்த கேள்விக்கு வாயைத் திறந்தாள். ஆனால் பெரியவர்கள் அதற்குள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து, கைகோத்து முசாபஹா செய்து முடித்திருந்தார்கள்.

அன்றிலிருந்து தெருவே அவளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டது. கொடுத்துவைத்தவள், இனி இருபத்து நாலு மணி நேரமும் கரண்டு என்றாள் ஒருத்தி. சாக்கடை வாடை இல்லை என்றாள் இன்னொருத்தி. இவர்கள் இருவரும் ஷிரோனாமியைப் பற்றிக் கேட்டது ஃபக்ருன்னிசாவிடம். ஃபக்ருன்னிசா கேட்டது காஜா மைதீனிடம். ஷப்னம் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உம்மா, அங்க நான் யாருகிட்டப் பேசறது?"

"புருஷன்கிட்டப் பேசு."

"அவரு வேலைக்குப் போயிட்டா?"

"கடலப் பாரு."

"கடல் பதில் சொல்லுமா?"

"பதில் பேசாத ஒண்ணு கெடச்சா எனக்கெல்லாம் அன்னைக்குத்தான் பெருநாளு," என்று ஃபக்ருன்னிசா ஈரத்துணியை உதறிக் கொடியில் போட்டாள்.

வாப்பாவிடம் போனால் அவர் திட்டவில்லை, அதுதான் கஷ்டம். "இந்த ஊரு நாளைக்கு என்னாகும்னு யாருக்கும்மா தெரியும்? நாங்கதான் கெடந்து சீரழியறோம், நீயாவது ஒரு நல்ல எடத்துல இரு," என்றார். அவர் குரல் கம்மியதைக் கேட்டபின் அவளுக்கு அதற்கு மேல் வாதாட மனம் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை கடைப் போனுக்குப் பேசுவதாக ஏற்பாடு. பெண்ணும் மாப்பிள்ளையும் இரண்டு வார்த்தை பேசிக்கொள்ளட்டும் என்ற பெருந்தன்மை. அந்த இரண்டு வார்த்தைக்குச் சாட்சியாகக் கடையில் நிற்க இடமில்லாமல் கூட்டம். முதலில் காஜா மைதீன் போனை எடுத்து, "கடல் எப்படிடா இருக்குது?" என்று கேட்டு, பதிலை எல்லோருக்கும் அறிவித்தார். பிறகு அப்துல் ரவூப் வாங்கி, "மாப்ள, கடல் நல்லாருக்கா?" என்றார். ஷப்னத்தின் கைக்குப் போன் வந்தபோது பள்ளிவாசலில் சாயங்கால அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். ஆண்கள் கிளம்பினார்கள். ஃபக்ருன்னிசா லேஸ் கேட்டு வந்த ஒருத்தியிடம் மாட்டிக்கொண்டாள்.

"ஊரு ரொம்ப அழகாமே?" என்றாள் ஷப்னம், ஸலாம் சொன்ன கையோடு.

"அழகுதான்," என்றான் யாசர்.

"என்னென்ன இருக்குது?"

"கடல் இருக்குது."

"வேற?"

"வேற... கடல்தான்."

ஷப்னத்துக்கு உடனே அவனைப் பிடித்துவிட்டது. இத்தனை மாதத்தில் அந்த ஊரைப் பற்றி ஒரு வரியில் முடித்தவன் இவன் ஒருத்தன்தான். "அங்க யாருகிட்டப் பேசுவீங்க?" என்று கேட்டாள்.

"தெருமுக்குல ஒரு மிஷின் இருக்குது. காசு போட்டா டீ டப்பா விழும். விழுந்ததும் பொம்பளக் குரல்ல, ரொம்ப நன்றி, பாத்துப் போங்கன்னு சொல்லும். எனக்கு அந்த டீ புடிக்காது. ஆனா தினம் வாங்குவேன்."

ஷப்னம் சிரித்துவிட்டாள். சிரித்த பிறகுதான் அது சிரிக்கிற சங்கதி இல்லை என்று உறைத்தது.

"அது என்ன சத்தம்?" என்றான் அவன் திடீரென்று.

"பஸ்காரன் ஆளு ஏத்துறான். கத்திச் சாவுறான்."

"போனைக் கொஞ்சம் வெளிய புடிங்களேன்."

அவள் வயரை இழுத்துக்கொண்டு கடைவாசல்வரை போய் ரிசீவரைத் தெருவுக்கு நீட்டினாள். கண்டக்டரின் கூச்சல், கரும்புச்சாறு மிஷினின் மணி, பழக்காரி யாரையோ ஏழு தலைமுறைக்கும் சேர்த்துச் சபிப்பது, எல்லாம் போனுக்குள் போயின. திரும்பக் காதில் வைத்தபோது மறுமுனையில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"சளியா?"

"ஆமா. குளிரு."

"வந்துடுங்களேன் இங்க."

"வாப்பாகிட்ட ரெண்டு தடவ கேட்டுட்டேன். இவ்வளவு அழகான ஊர விட்டுட்டு எந்தக் கிறுக்கன்டா வருவான்னுட்டுப் போனை வெச்சிட்டாங்க. காலண்டர் அனுப்பினது நான்தானே, வாப்பா சந்தோசப்படட்டும்னு. அது இப்படி வந்து விடியும்னு யாரு கண்டா." அவன் நிறுத்தினான். "தன்லியின் ஊட்டுக்குக் கூரை போடற வரைக்கும்தான்னாங்க. இப்ப மேல மாடி கட்டணும்ங்கறாங்க. நான் இதெல்லாம் சொன்னேன்னு அவங்ககிட்டச் சொல்லிடாதீங்க. நாலு பேரு முன்னால தலை குனிஞ்சிடுவாங்க."

ஷப்னம் சத்தியம் செய்து கொடுத்தாள். பேச்சையே தொழிலாக வைத்திருப்பவள் வாயைப் பூட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று. முன்பாவது அவள் பாடு சுலபமாக இருந்தது, ஊரும் வேண்டாம், மாப்பிள்ளையும் வேண்டாம். இப்போது மாப்பிள்ளை வேண்டும். நிக்காஹ் முடிந்து ஒரு மாதத்தில் அவளைப் பிளேன் ஏற்றிவிட்டால், அந்த மிஷினுக்குக் காசு போட வரிசையில் இரண்டு பேர் நிற்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

வாப்பாவிடம் கடைசியாக ஒருமுறை முயன்று பார்த்தாள்.

"மாப்பிள்ளை புடிச்சிருக்கா இல்லியா?" என்றார் அப்துல் ரவூப்.

"புடிச்சிருக்கு."

"அப்ப என்ன?"

"ஊரு புடிக்கல."

பிரியாணி வேண்டும், சோறு வேண்டாம் என்று சொன்னவளைப் பார்ப்பதுபோல் அவர் மகளைப் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டு, கல்யாணப் பயம் என்று உம்மாவிடம் சொல்லி ஓதி ஊதச் சொன்னார். ஃபக்ருன்னிசா ஊதினாள். பயம் போகவில்லை.

நிக்காஹ் நாள் வந்தது. மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை, கணவாய் சீசன். அதனால் மகனுக்குப் பதிலாக ஏற்றுக்கொள்ள வக்கீலாக காஜா மைதீனே உட்கார்ந்தார். மகனுக்குப் பதிலாகப் பதில் சொல்வதில் அவருக்குத்தான் எவ்வளவு பழக்கம். யாசரும் கேட்டுக்கொண்டிருக்கட்டும் என்று ஸ்பீக்கர் வைத்த போன் ஒன்றை இரவல் வாங்கி, கடையிலிருந்து மாடிப்படி வழியாக வயரை இழுத்து, நிக்காஹ் நடத்தி வைக்கிற லெப்பையின் முன்னால் பட்டுத் தலையணை மேல் வைத்தார்கள். சுவரில் காலண்டர். வந்தவர்கள் பெண் வீட்டாரிடம் ஸலாம் சொல்லிவிட்டு நேரே காலண்டருக்குப் போனார்கள்.

அப்துல் ரவூப் இரண்டு சாட்சிகளோடு பெண் இருந்த அறையின் திரைக்கு வெளியே வந்து நின்றார். ஒருவர் உறவுக்காரர் பைசல். மற்றவர் எதிர்ச் சாரியில் குடைக்கடை வைத்திருந்த ஜாபர். மழை பெய்யாது என்று தோன்றினால் குடை வாங்க வந்தவரிடமே அதைச் சொல்லி அனுப்பிவிடுகிற ஆள். எங்கள் பக்கத்தில் இந்த இடத்தில் கேட்கிற கேள்விக்கு யாரும் பதில் எதிர்பார்ப்பதில்லை. பெண் தலையைக் குனிந்து பேசாமல் இருந்தால் சம்மதம். அழுதால் ரொம்பச் சம்மதம்.

"காஜா மைதீன் மகன் யாசருக்கு உன்னை நிக்காஹ் செஞ்சு குடுக்கப் போறேன். சம்மதமாம்மா?"

ஷப்னம் வாழ்நாளில் பேசாமல் இருந்து எதையும் சாதித்ததில்லை. இப்போதும் வாய் அவளைக் கைவிடவில்லை.

"மாப்பிள்ளைக்குச் சம்மதம் வாப்பா. ஊருக்குச் சம்மதம் இல்ல."

ஃபக்ருன்னிசா மகளின் தொடையில் கிள்ளிய கிள்ளு ஒரு வாரம் நீலமாக இருந்தது. திரைக்கு வெளியே அப்துல் ரவூப், "சம்மதம்னுட்டா, வாங்க போவோம்," என்று அவசரமாகத் திரும்பினார். பைசலும் திரும்பினார். ஜாபர் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார்.

"இன்னும் ஒண்ணு சொன்னாங்களே."

"அது எனக்குக் கேக்கல, ஜாபர்."

"எனக்குக் கேட்டுச்சு."

கூடத்தில் லெப்பை சாட்சிகளை விசாரித்தார். பைசல் தரையைப் பார்த்தார். ஜாபர் கேட்டதைக் கேட்டபடி ஒப்பித்தார். "பாதியை வெட்டிச் சொன்னா நாளைக்கு அல்லாவுக்கு யாரு பதில் சொல்றது?" என்றும் சேர்த்துக்கொண்டார். கூடம் முழுக்க ஒரு முணுமுணுப்பு ஓடியது. முந்திரி போட்ட பிரியாணியின் வாசனை கீழேயிருந்து வந்துகொண்டிருந்ததால் லெப்பைக்கும் அவசரம்தான், ஆனால் அவர் நியாயம் தெரிந்தவர்.

"பொண்ணு நிபந்தனை வெக்கலாம். மாப்பிள்ளை ஏத்துக்கிட்டாச் சரி. ஏத்துக்காட்டி நிக்காஹ் இல்ல."

"ஏத்துக்கலை!" என்றார் காஜா மைதீன். "வக்கீல் நான் சொல்றேன், ஏத்துக்கலை. என்ன வெளையாட்டு இது? ஊரா அது? சொர்க்கம். ஏப்ரல்ல வந்து பாரும்மா, மரம் முழுக்கப் பூ..." திரையைப் பார்த்துத் தொடங்கிவிட்டார். பூ முடிந்து பைன் மரம் வந்தது, பைன் மரம் முடிந்து படிக்கட்டு வந்தது. திரைக்குப் பின்னால் ஷப்னம் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். இனி அவளால் சொல்லக்கூடியது எதுவும் இல்லை. சொல்லக்கூடாது என்று சத்தியம் செய்ததுதான் பாக்கி இருந்தது.

"வாப்பா," என்றது தலையணை.

போன் அங்கே இருந்ததையே எல்லோரும் மறந்திருந்தார்கள்.

"எனக்கும் அந்த ஊரு வேணாம் வாப்பா."

"டேய், எவ்வளவு அழகான ஊருடா!"

"அழகுதான். நீங்க வந்து இருங்க. நான் அங்க வந்து உங்க டீக்கடையில ஒக்காந்து, எங்க வாப்பா ஊரு எவ்வளவு அழகுன்னு எல்லாருக்கும் சொல்றேன்."

யாரோ ஒருவர் சிரித்தார். அடுத்தவர் தொடர்ந்தார். பிறகு யாரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் போனில் யாசரின் மூச்சு விட்டு விட்டு வருவது அந்தக் கூடம் முழுக்கக் கேட்டது. காஜா மைதீன் வாயைத் திறந்தார். மூன்று வருடமாக மகனிடம் கடலைக் கேட்டிருக்கிறார், பனியைக் கேட்டிருக்கிறார், பூ வந்துவிட்டதா என்று கேட்டிருக்கிறார். இப்போது கேட்க அவருக்கு ஒன்றும் அகப்படவில்லை. தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். நாலு பேர் முன்னால் அவர் தலை குனிந்துதான் போயிற்று.

ஷப்னம் திரையை விலக்கிவிட்டாள். மணப்பெண் செய்யக்கூடாத காரியம். யாரும் அவளைப் பார்க்கவில்லை, எல்லோரும் கிழவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காஜா மைதீன் தலையணைப் பக்கம் குனிந்து, போனுக்கு மட்டும் கேட்கிறது என்று நினைத்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னார்:

"மாடி கெடக்குதுடா. நீ வா."